மூக்கில் கீறல் விழுந்த படகு

அத்தியாயம் ஆறு

ரப்பர் படகில் கால் வைத்த நிமிஷமே பட்டாசு தன் புருஷனை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டி முடித்துவிட்டாள். "அக்காவுக்கு உதவிக்கு ஆள் வேணுமாம், நீ சும்மாதானே இருக்கே, போயேன்" என்று தள்ளிவிட்ட மகராசன், இந்த நேரம் வீட்டில் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடப்பான். இவளோ காற்றும் மழையும் முகத்தில் அறைய, வயிறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என்று ஆடிக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தால் நிறுத்தாமல் வெடிப்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். எதிரே லைஃப் ஜாக்கெட்டுக்குள் திணிந்து உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷனின் அக்கா, இவளுக்கு அண்ணி. துப்பறியும் தொழிலில் இருபது வருஷம். காணாமல் போன மாப்பிள்ளைகளையும், காணாமல் போகாமலேயே காணோம் என்று சொல்லப்பட்ட நகைகளையும் கண்டுபிடித்தவர். வாயில் ஒரு பல் குறைவு. அதைப் பிடுங்கியவர்தான் இப்போது ரப்பர் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர். வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியது தனிக்கதை. அதற்காக அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? தொழில் என்று வந்துவிட்டால் அண்ணி பல்லைப் பார்ப்பதில்லை.

"அண்ணி, எல்லாப் படகும் ஒரே பக்கம் பார்த்து நிக்குது பாருங்க, ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரி."

அது என்னவோ நிஜம்தான். ஐந்து நாளாக விடாத புயல் காற்று. கடலில் ஊர் சுற்றக் கிளம்பிய படகுகள் ஆறு, காற்று அடங்கும்வரை தலை தப்பினால் போதும் என்று இந்தச் சின்னக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டுக் கிடந்தன. ஆறு படகும் ஆறு குணம், ஆறு நிறம். ஆனால் ஆறின் மூக்கும் குன்றைப் பார்த்தே இருந்தன. காற்று குன்றைத் தாண்டித்தான் வந்தது.

"நல்லாப் பார்த்துக்கோ" என்றார் அண்ணி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் அப்படித்தான். சொன்னால் அரை வாக்கியம், மீதியை நாமே தைத்துக்கொள்ள வேண்டும்.

பல் டாக்டரின் படகைப் படகு என்று சொல்வதே பாவம். மூன்று அறை, துணி துவைக்கும் இயந்திரம், சோபா. பின்பக்கக் கண்ணாடிக் கதவில் குறுக்கே விரிசல். அதற்குக் கீழே தண்ணீரில் இறங்கும் எஃகு ஏணி, யாரோ முறுக்கிப் பிழிந்த துண்டு மாதிரி வளைந்து கிடந்தது.

"பாருங்க மேடம், என் கோலத்தை!" டாக்டர் சிரித்தார். அழ வேண்டிய இடத்திலும் முப்பத்திரண்டையும் காட்டிச் சிரிப்பது அவர் தொழில் விளம்பரம். "காலையில பத்து மணி. கை நீட்டினா கை தெரியாத மழை. நான் உள்ளே ஷேவ் பண்ணிட்டு இருந்தேன். பின்னாடி இன்ஜின் சத்தம் கேட்டுது. அந்த நர்ஸம்மா படகுதான். இடம் மாத்தப் பார்த்திருக்காங்க போல. அடுத்த நிமிஷம் டமார்!"

"உங்களுக்குப் பின்னாடி நின்ன படகு, மூக்கால வந்து உங்க பின்பக்கத்துல இடிச்சுது. சரிதானே?" என்றார் அண்ணி.

"அதேதான். துறைமுக அதிகாரி வந்து ஒரே பார்வைதான் பார்த்தார். பின்னாடி வந்து இடிச்சவங்க மேலதான் தப்புன்னு எழுதிட்டார். ரெண்டு மணிக்கு இழுவைப் படகு வருது. அந்தம்மா படகை இழுத்துட்டுப் போய்க் கரையில ஏத்திடுவாங்க. லைசென்ஸும் ரத்து. நீங்க விசாரிச்சு ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துட்டா, அந்தம்மா மேலிடத்துக்கு அது இதுன்னு போக முடியாது."

"இன்ஜின் சத்தம் கேட்டுதான்னு அதிகாரி உங்களைக் கேட்டாரா?"

"அவர் எங்கே கேட்டார்? நானாத்தான் சொன்னேன்."

"நீங்களா சொன்னீங்க" என்று அண்ணி தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீங்க எப்போ இங்கே வந்து நங்கூரம் போட்டீங்க?"

"நேத்து சாயங்காலம். அவங்க அஞ்சு நாளா இங்கேதான் உக்காந்திருக்காங்க. குன்றுக்கு ஒதுக்கமா இருக்கிற ஒரே நல்ல இடம் மேடம். ஒரு ஆளே வெச்சுக்கணும்னு சட்டமா என்ன?"

வெளியே வந்ததும் பட்டாசு அண்ணியின் காதைக் கடித்தாள். "கேஸ் முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம். பஸ் நிக்கும்போது பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சா, இடிச்சவன் மேலதான் தப்பு. இதுக்கு ஒரு துப்பறியும் அம்மா எதுக்கு?"

"பஸ்ஸைக் காத்து தள்ளுமா?"

"ஹூம்?"

"ஒண்ணுமில்லை. வா, அந்தம்மாவைப் பார்க்கலாம்."

டாக்டர் தன் ரப்பர் படகிலேயே அவர்களைக் கொண்டுபோய் நர்ஸம்மாவின் படகோரம் விட்டுவிட்டுத் திரும்பினார். கூப்பிடு தூரம்தான், ஆனால் அதற்குள் பட்டாசு மூன்று முறை நனைந்தாள். அந்தப் படகு அவர் படகில் பாதி. வண்ணம் உதிர்ந்த பாய்மரப் படகு. மூக்கில் மட்டும் புதுசாக ஒரு நீளக் கீறல், முன்கம்பி உள்ளே மடங்கியிருந்தது. மேலே கையில் ஒரு கொக்கிக் கழியோடு ஒரு அம்மாள் நின்றார். அறுபது தாண்டிய வயது, குட்டையாக வெட்டிய நரைமுடி.

"யாரு, அந்தப் பல்லு அனுப்பின ஆளுங்களா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணி.

"ஏறலாம். செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. கையெழுத்து கேக்க வந்திருந்தா ஏறவே வேண்டாம்."

கேபினுக்குள் நின்றால் தலை இடித்தது, உட்கார்ந்தால் முழங்கால் இடித்தது. ஆனால் ஒரு பொருள் இடம் மாறி இல்லை. கோப்பைகள் கொக்கியில், போர்வை நாலு மடிப்பில், ஜன்னலோரம் ஒரு கைடார்ச். பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரியில வார்டு நர்ஸ்" என்றார் அந்த அம்மாள், இரண்டு கோப்பையில் டீ ஊற்றியபடி. "யார் எப்போ தூங்கணும், எப்போ எழுந்திரிக்கணும், எல்லாம் நான் சொன்னேன். ரிட்டையர் ஆன மறுநாள் இதுல ஏறினேன். மூணு வருஷமாச்சு. என் பையன் ரெண்டு மணிக்குக் கரையில வந்து நிக்கப் போறான். 'படகை ஏத்தினதும் வீட்டுக்கு வந்துடும்மா'ன்னு சொல்லி அனுப்பியிருக்கான். பின்னறையைச் சுத்தம் பண்ணி, ஃபேன் கூட மாட்டிட்டாங்களாம். மருமகள் நல்ல பொண்ணுதான், அதனாலதான் பயமா இருக்கு. மணிக்கு ஒரு தடவை வந்து 'அத்தை, மாத்திரை போட்டீங்களா'ன்னு கேப்பா. நான் போக மாட்டேன்."

"இடிச்சது நீங்கதான்னு எழுதியிருக்காங்களே?"

"நான் நகரலை. அஞ்சு நாளா என் நங்கூரம் போட்ட இடத்துல இருக்கு. அதிகாரிகிட்டேயும் இதைத்தான் சொன்னேன். அவர் என் படகு மேல சாக்பீஸால கோடு போட்டார். மழை அழிச்சுது. திரும்பவும் போட்டார்."

பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அதிகாரியின் கதை அவளுக்குத் தெரியும். ஊரில் யார் கதைதான் அவளுக்குத் தெரியாது? போன வருஷம் வரை நெடுஞ்சாலையில் லாரி விபத்துகளை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தவர். துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது, சாக்பீஸும் கூடவே வந்துவிட்டது.

"டாக்டர் இன்ஜின் சத்தம் கேட்டுதுங்கறார்" என்றார் அண்ணி.

நர்ஸம்மா டீப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். சுத்தமாக இருந்ததையே திரும்பக் கழுவினார்.

"இன்ஜினை ஓட்டினீங்களா, இல்லையா?"

"நான் நகரலைன்னு சொன்னேன். அது போதாதா?"

அப்போதுதான் படகு ஒரு குலுக்கு குலுக்கியது. பட்டாசின் வயிற்றிலிருந்த டீ, வந்த வழியே திரும்ப முடிவெடுத்தது. வாளி எங்கே, அலமாரி எங்கே என்று தேட நேரமில்லை. படிக்குக் கீழே ஒரு மரமூடி தெரிந்தது. "அதைத் தொடாதே!" என்று நர்ஸம்மா போட்ட கூச்சல் காதில் விழுவதற்குள் மூடியைத் தூக்கிவிட்டாள்.

பார்த்த பார்வையில் வாந்தியே நின்றுவிட்டது.

உள்ளே இன்ஜின், வயிற்றைத் திறந்துபோட்ட நோயாளி மாதிரி கிடந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரித் தட்டு ஒன்று. அதில் வெள்ளைத் துணி விரித்து, டீசல் பம்பின் துண்டு துணுக்குகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி, பிளாஸ்திரியில் நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று வரை.

"அண்ணி! இந்த இன்ஜின் ஓடியிருந்தா நான் மிஸ் யூனிவர்ஸ்!"

நர்ஸம்மா மெதுவாக வந்து மூடியைச் சாத்தினார்.

"நாலு நாளாச்சு" என்றார். "புயல் எச்சரிக்கை இருக்கும்போது ஓடற இன்ஜின் இல்லாத படகு இந்தக் குடாவுல நிக்கக் கூடாது. இழுத்துட்டுப் போய்க் கரையில ஏத்திடுவாங்க, அது சட்டம். ஓட்டினேன்னு சொன்னா இடிச்சவ நான். ஓடலைன்னு சொன்னா சட்டத்தை மீறினவ. ரெண்டு பக்கமும் பின்னறைதான். ரெண்டு நாள் கொடுங்க, நானே மாட்டிடுவேன். எத்தனை பேரைப் பிழைக்க வெச்சிருக்கேன், இது ஒரு பம்ப்."

பட்டாசு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி டீயைக் குடித்தார்.

"நாங்க எதையும் பார்க்கலை" என்றார் அண்ணி. "என் தம்பி பொண்டாட்டி வாந்தி எடுக்கப் போனா. எடுக்கலை. அவ்வளவுதான்."

"ஆனா அண்ணி, இதைச் சொன்னாத்தானே..."

"மூச்!"

சரியாக இரண்டு மணிக்கு அதிகாரியின் விசைப்படகு வந்தது. பின்னால் இழுவைப் படகு, தடித்த கயிறும் நாலு ஆட்களுமாகத் தள்ளி நின்றது. அதிகாரி மழைக்கோட்டுக்குள்ளிருந்து முதலில் சாக்பீஸையும், பிறகு பதிவுப் புத்தகத்தையும் எடுத்தார். டாக்டரும் வந்து சேர்ந்தார், சிரித்துக்கொண்டே. சின்னப் படகின் பின்தளத்தில் ஐந்து பேர், கண்டக்டர் இல்லாத பஸ் மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அறிக்கை ரெடியா மேடம்?" என்றார் டாக்டர்.

"ரெடி." அண்ணி அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், ரோட்டுல வண்டி எந்தப் பக்கம் ஓடும்?"

"இதென்ன கேள்வி? முன்பக்கம்."

"அதனால பின்னாடி வந்து இடிச்சவன் மூக்கு நசுங்கும். நசுங்கின மூக்கு யாருதோ, தப்பு அவன் மேல. சரியா?"

"நூத்துக்கு நூறு."

"சார், கொஞ்சம் அந்த ஆறு படகையும் பாருங்க. எல்லாத்தோட மூக்கும் எங்கே இருக்கு?"

அதிகாரி பார்த்தார். பட்டாசும் பார்த்தாள்.

"குன்றுப் பக்கம். காத்தைப் பார்த்து" என்றார் அதிகாரி.

"நங்கூரம் மூக்குல கட்டியிருக்கு. காத்து மூக்குல அடிக்குது. இப்போ அடியில நங்கூரத்தோட பிடி விட்டுப் போச்சுன்னு வைங்க. படகு எந்தப் பக்கம் போகும்?"

அதிகாரியின் கையிலிருந்த சாக்பீஸ் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது.

"பின்... பின்னாடி" என்றார்.

"பின்னாடி! பின்பக்கத்தாலதான் போய் இடிக்கும். பிடி விட்ட படகு இந்தம்மாவோடதா இருந்தா, இவங்க படகு டாக்டர்கிட்டேயிருந்து விலகித்தான் போயிருக்கும், கிட்ட வந்திருக்காது. இவங்களுக்கு உடைஞ்சது மூக்கு, டாக்டருக்கு உடைஞ்சது பின்பக்கம். இவங்க நின்ன இடத்துல நின்னாங்க. அவர்தான் வந்து உக்கார்ந்தார்."

பட்டாசுக்கு அடக்க முடியவில்லை. "சினிமா தியேட்டர்ல அடுத்தவங்க மடியில உக்கார்ற மாதிரி!"

அதிகாரியின் காது சிவந்தது. புத்தகத்தில் எழுதியதை அடிக்கவும் மனசில்லை, வைக்கவும் மனசில்லை. டாக்டர் மட்டும் சிரிப்பைக் குறைக்கவே இல்லை.

"அழகாப் பேசறீங்க மேடம். ஆனா ஒண்ணை மறந்துட்டீங்க. அவங்க நங்கூரம் பிடி விட்டு வந்தாங்கன்னு நான் சொல்லவே இல்லையே? இன்ஜின் போட்டு முன்னாடி ஓட்டிட்டு வந்தாங்கன்னுதானே சொன்னேன்!"

"அங்கேதான் டாக்டர் எனக்கு உங்க மேல சந்தேகமே வந்துது" என்றார் அண்ணி. "அதிகாரி இன்ஜினைப் பத்திக் கேக்கலை. ரோட்டு ஞாபகத்துல இருந்தவருக்கு இன்ஜினே தேவைப்படலை. அவர் கேக்காத கேள்விக்கு நீங்க ஏன் பதிலைத் தயாரா வெச்சிருந்தீங்க? படகு பின்னாடிதான் போகும்னு உங்களுக்குத் தெரியும். எவனாவது விவரம் தெரிஞ்சவன் வந்து கேட்டா, மூக்கு எப்படி இடிச்சுதுன்னு சொல்ல ஒரு இன்ஜின் வேணும். பக்கத்துல இருக்கிறதைப் பிடுங்கறது உங்களுக்குப் பழக்கம்தான்."

"அதெல்லாம் உங்க கற்பனை. அவங்களையே கேளுங்க. இன்ஜின் ஓடலைன்னு சொல்லட்டும் பார்ப்போம்! காலையில அதிகாரிகிட்டே இன்ஜினைப் பத்தி ஏன் வாயே திறக்கலை?"

அதிகாரி நர்ஸம்மாவைப் பார்த்தார். பட்டாசின் நாக்கில் மிஸ் யூனிவர்ஸ் வரைக்கும் வந்து நின்றது. அண்ணியின் கால் கட்டைவிரல் அவள் காலை மிதித்தது. இழுவைப் படகில் ஒருவன் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"இறங்குங்க உள்ளே" என்றார் நர்ஸம்மா.

"என்னம்மா?"

"இறங்கி வாங்க சார். நீங்களும் வாங்க டாக்டர். தலையைக் குனிஞ்சுக்கோங்க."

அவரே போய் மரமூடியைத் தூக்கினார். முழுசாக, இரண்டு கையாலும். தட்டை எடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டினார். ஒன்று முதல் பதினொன்று வரை.

"என் இன்ஜின் நாலு நாளாச் செத்துக் கிடக்கு. ஓடற இன்ஜின் இல்லாம இங்கே நின்னது என் தப்பு, எழுதிக்கோங்க. ஆனா இவரை நான் இடிச்சேன்னு எழுதினா, அந்தத் தாளை இங்கேயே கிழிப்பேன். பொய்க்குத் தலையாட்டிட்டு இந்தப் படகை விட்டு இறங்க மாட்டேன். உண்மையைச் சொல்லித்தான் மாட்டணும்னா மாட்டிக்கிறேன்."

டாக்டரின் பற்கள் முதல் முறையாக உதட்டுக்குப் பின்னால் போயின. ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை.

"இடிச்சதுக்கு அப்புறம் கழட்டி வெச்சிருக்கலாமே? நாலு மணி நேரம் இருந்துதே!"

பட்டாசுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தில்தான் ஜன்னலோரம் பகலிலேயே எரிந்த டார்ச் மறுபடி கண்ணில் பட்டது. மூளையில் ஏதோ பளிச்சென்றது.

"சார், தினம் காலையில எல்லாப் படகையும் வயர்லெஸ்ல கூப்பிட்டு 'நலமா'ன்னு கேப்பீங்களாமே? இவங்க என்ன பதில் சொன்னாங்க?"

அதிகாரி பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. "வந்த முதல் நாள் 'நலம்'. அப்புறம் நாலு நாளா வயர்லெஸ்ல பதிலே இல்லை. வெளியே வந்து வெள்ளைத் துண்டை ஆட்டுவாங்க. திமிர் பிடிச்சவங்கன்னு..." அவர் நிறுத்தினார். "அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"இன்ஜின் ஓடினாத்தானே சார் பாட்டரி ஏறும்? பாட்டரி இல்லாம வயர்லெஸ் எப்படிப் பேசும்? பகல்லயே டார்ச் வெச்சிருக்காங்க பாருங்க. நாலு நாளா இன்ஜின் ஓடலைன்னு உங்க கையாலயே தினமும் எழுதியிருக்கீங்க!"

அண்ணி திரும்பிப் பட்டாசைப் பார்த்தார். அந்தப் பார்வையை வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அவள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள்.

அதிகாரி சாக்பீஸைக் கோட்டுப் பைக்குள் போட்டார். காலையில் எழுதியதைக் குறுக்கே அடித்தார்.

"டாக்டர், முதல்ல நங்கூரம் போட்டவங்களுக்குத்தான் இடம். பின்னால வந்தவர் விலகணும். உடனே நங்கூரத்தைத் தூக்கிட்டு குடா வாய்ப் பக்கம் போய்ப் போடுங்க."

"இந்தக் காத்துலயா? அங்கே ஒதுக்கமே இல்லையே!"

"இந்தம்மா மடியில விழுந்தது இதே காத்துலதானே?"

"சரி, அப்போ இன்ஜின் இல்லாத இந்தப் படகை இழுங்க! சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்!"

அதிகாரி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எழுதத்தான் போறேன்" என்றார் அதிகாரி. "ஆனா அஞ்சு நாளா இந்த நங்கூரம் ஒரு அடி நகரலை. பிடிச்சு நிக்கிற படகைப் புயல்ல பிடுங்கி இழுத்துட்டுப் போற முட்டாள்தனத்தை இன்னைக்கு ரெண்டாவதாச் செய்ய மாட்டேன். காத்து அடங்கின மறுநாள் வருவேன். இன்ஜின் ஓடணும். ஓடலைன்னா இழுப்பேன்."

"வாங்க. ஓடும்" என்றார் நர்ஸம்மா.

டாக்டர் கோபத்தில் ரப்பர் படகைக் கிளப்பிக்கொண்டு போனார். வந்த விருந்தாளிகளை மறந்தே போனார். அவர் படகு நங்கூரத்தைத் தூக்கி, உறுமிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து குடா வாயை நோக்கிப் போனது. மழையில் நின்றபடி நர்ஸம்மா கழியை நீட்டி, "இடது பக்கம்! இன்னும் இடது! என் சங்கிலி மேல ஏத்தாதீங்க!" என்று அவருக்கு வழி காட்டினார்.

"நாம எப்படி அண்ணி வீட்டுக்குப் போறது?" என்றாள் பட்டாசு.

"யார் போறா? பம்ப் மாட்ட ரெண்டு கை பத்தாது." அண்ணி ஏற்கெனவே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். "நீ நம்பரைப் படி. நாங்க மாட்டறோம்."

"எனக்கு வாந்தி வரும்."

"வரட்டும். படிச்சுக்கிட்டே எடு."

அதிகாரியின் விசைப்படகு கரைக்குத் திரும்பியது. கரையில் குடையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதிகாரியின் ஒலிபெருக்கி காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"அம்மா! உங்க பையன் கேக்கறார்! எப்போ வீட்டுக்கு வருவீங்கன்னு கேக்கறார்!"

நர்ஸம்மா கையில் ஒட்டிய கிரீஸோடு மேலே வந்தார். இரண்டு கையையும் வாய்க்கு இருபுறமும் குவித்து, குடா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இன்ஜின் ஓடினதும் என் படகுலயே வர்றேன்னு சொல்லுங்க! சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவேன்னும் சேர்த்துச் சொல்லுங்க!"